இருபத்தொன்பது விரிப்புகள்

நாற்பது விரிப்புகள் பிரசவ வார்டுக்குப் போயின. பதினொன்றுதான் எரிஉலைக்கு வந்து சேர்ந்தன. மீதி இருபத்தொன்பதும் எங்கே போயின என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். துணைக்கு வரும் பெண்கள் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள் என்றார் எரிஉலைக்காரர். துவைத்துச் சந்தையில் விற்கிறார்கள் என்றாள் வாசலில் சீட்டு எழுதுகிறவள். தலைமை நர்ஸ் அமோங்கின் மட்டும் நகாயிசாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த விரிப்பைச் செய்தவள் நகாயிசாதான்.

நகாயிசாவுக்கு வயது முப்பத்தெட்டு. தலைநகர் கம்பாலாவில் பிறந்து வளர்ந்தவள். பிறர் வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று மூடியைத் திறந்து பார்க்காவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. புருஷன் பிரிந்து போனதற்கும் அந்தக் குணம்தான் காரணம் என்று ஊரில் சொல்வார்கள். அவன் பையைத் துழாவினாள், அதில் தேடக்கூடாதது ஒன்று இருந்தது. அதே குணம்தான் அவளை இந்தக் கியமுலி ஊருக்கும் கொண்டுவந்தது. மாவட்ட மருத்துவமனையில் பிள்ளை பெற்றவர்களில் ஆறில் ஒருத்தி ஏன் காய்ச்சலில் விழுகிறாள் என்று ஒரு கூட்டத்தில் யாரோ கேட்டார்கள். கேட்டவர் தேநீர் குடித்துவிட்டு மறந்துபோனார், இவளால் மறக்க முடியவில்லை.

நேரில் வந்து பார்த்தபோது காரணம் கட்டிலிலேயே கிடந்தது. ரெக்சின் மெத்தைகள் கிழிந்து, உள்ளே இருக்கும் பஞ்சு வருஷக்கணக்கான பிரசவங்களைக் குடித்துக் கறுத்திருந்தது. அதன்மேல் போட்டுக்கொள்ள அவரவர் வீட்டிலிருந்து ஒரு பாலிதீன் துண்டும் பழந்துணியும் கொண்டுவந்தார்கள். அந்தத் துணி அதற்கு முன்னால் எதைத் துடைத்ததோ, யாருக்குத் தெரியும்? நகாயிசா ஆறு பெண்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு கொட்டகையில் உட்கார்ந்து, ஒரே தடவை போட்டுவிட்டு எரித்துவிடும்படியாக ஒரு விரிப்பைச் செய்தாள். மேலே மெல்லிய வெள்ளைத் துணி, நடுவில் அடித்துப் பஞ்சாக்கிய வாழைநார், அடியில் வெங்காயத் தோல்போல ஒரு பாலிதீன் படலம். அந்தப் படலத்தில்தான் அவளுக்குக் கர்வம் அதிகம். இழுத்தால் கிழியாது, ஒரு சொட்டு கீழே இறங்காது. முதலில் செய்த விரிப்புகள் நனைந்ததும் நைந்துபோக, வார்டே சிரித்தது. அந்தச் சிரிப்பை அடக்கியது இந்தப் படலம்தான்.

விரிப்பு சொன்னபடி வேலையும் செய்தது. மூன்று மாதத்தில் அதன்மேல் பிள்ளை பெற்ற நாற்பது பேரில் ஒருத்திக்குத்தான் காய்ச்சல் வந்தது. ஆனால் மருத்துவமனைத் தலைவர் டாக்டர் முவங்கா எண்ணிக்கைக்காரர். வார்டுக்குப் போன விரிப்பு எல்லாம் எரிந்ததாகக் கணக்கு வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று முதல் நாளே சொல்லியிருந்தார். ரத்தம் பட்ட துணி ஊருக்குள் சுற்றினால் ஒரு நோயை விரட்டி ஒன்பது நோயை அழைத்த கதையாகும் என்பது அவர் கட்சி. அதில் தப்பும் சொல்ல முடியாது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை கூட்டம். அன்றைக்குக் கணக்குத் தராவிட்டால் விரிப்பு நின்றுபோகும், பெண்கள் பழையபடி அந்தக் கறுத்த பஞ்சின்மேல் படுப்பார்கள்.

வேறொருத்தியாக இருந்தால் திருடிகளைத் திட்டிவிட்டு வார்டு வாசலில் ஒரு காவல்காரனை நிறுத்தியிருப்பாள். நகாயிசா பிரசவப் பதிவேட்டை வாங்கிவைத்துக்கொண்டு, காணாமல்போன இருபத்தொன்பதை விட்டுவிட்டு, எரிந்த பதினொன்றைப் பார்த்தாள். இவர்கள் மட்டும் ஏன் விட்டுவிட்டுப் போனார்கள்? ஒருத்தி வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த போலீஸ்காரர் மனைவி. மூன்று பேர் பள்ளிக்கூட ஆசிரியைகள், ஒற்றை அறை வாடகைக்காரிகள். இரண்டு பேர் லாரி ஓட்டுநர்களின் மனைவிகள். பதினொரு பேரில் ஒருத்திக்குக்கூட இந்த ஊரில் ஒரு சாண் நிலம் கிடையாது. மற்ற இருபத்தொன்பது பேரும் உள்ளூர்க்காரர்கள், வீட்டைச் சுற்றி வாழை வைத்திருப்பவர்கள். திருட்டுக்கும் தோட்டத்துக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கேள்வி வந்த பிறகு அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பதிவேட்டில் மிகக் கிட்டத்தில் இருந்த வீட்டுக்குச் செவ்வாய்க்கிழமை காலையில் போனாள். வாடகை மோட்டார் சைக்கிளில் கால் மணி நேரம். வாசலில் தக்காளியைக் குவியல் குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தவள் பிரிஸ்கா, பிள்ளை பெற்றவளின் நாத்தனார். சந்தைக்காரி, வாய் நீளம். பிரசவத்துக்குத் துணை வந்ததும் அவள்தான். நகாயிசா யார் என்று தெரிந்ததும் அவள் கை நின்றது. உள்ளே போய், தம்பி பெண்டாட்டியிடம் ஏதோ சொல்லி, அறைக்கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள்.

"அந்தத் துணி உங்களோடதா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றாள் நகாயிசா. அது எங்கே என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தேன், போலீசைக் கூட்டிக்கொண்டு வரவில்லை என்றும் சொன்னாள்.

"போலீசா? நீங்கதான் போலீசுக்குப் பயப்படணும்." பிரிஸ்கா வீட்டின் பின்பக்கம் நடந்தாள். "வந்து பாருங்க."

பின்கட்டில் நல்ல தோட்டம். சமையல் வாழைகள் தடித்துக் கறுகறுவென்று நின்றன. நடுவில் ஒன்று மட்டும் இலை மஞ்சளித்து, குருத்துக் கருகி, தலையைத் தொங்கப்போட்டிருந்தது. அதன் அடியைச் சுற்றி மண்ணை அணைத்திருந்த விதத்தைப் பார்த்ததும் நகாயிசாவுக்குப் புரிந்துவிட்டது. நகரத்தில் வளர்ந்தவள்தான், இது தெரியாத அளவுக்கு வளரவில்லை. பிள்ளையோடு வரும் நஞ்சுக்கொடி வெறும் சதை இல்லை, அது பிள்ளையின் இரட்டை. ஆண் பிள்ளையானால் சாராயம் வடிக்கிற வாழைக்கு அடியில், பெண் பிள்ளையானால் சமையல் வாழைக்கு அடியில் அதைப் புதைப்பார்கள். அந்த மரம் பிள்ளையோடு கூடப் பிறந்தது. அதன்மேல் அந்நியர் கைபடக்கூடாது, அதன் தாரை அந்நியர் தின்னக்கூடாது. மருத்துவமனையிலும் கேட்டால் கொடியைக் கொடுத்துவிடுவார்கள்.

அவளுக்குத் தெரியாமல் போனது துணியின் சங்கதி. பிள்ளையின் ரத்தம் பட்டதெல்லாம் அந்த இரட்டையோடு சேர்ந்ததுதானே, அதை எப்படி எவனோ ஒருவனிடம் விட்டுவிட்டு வருவது என்று கேட்டாள் பிரிஸ்கா. எரிப்பான் என்று சொன்னீர்கள், எரித்ததை யார் பார்த்தார்கள்? ஒருத்தியின் பிரசவத் துணி வேண்டாதவள் கையில் கிடைத்தால் பெற்றவள் மறுபடி சூல்கொள்வாளா? முன்பெல்லாம் பழந்துணியை வீட்டுக்குக் கொண்டுவந்து துவைத்துக்கொண்டார்கள். கொடியை வாழையிலையில் சுற்றிப் புதைத்தார்கள். இப்போது ஆஸ்பத்திரியே வெள்ளை வெளேரென்று, மெத்தென்று, ஒழுகாத துணி ஒன்றைக் கொடுத்தது. எல்லாவற்றையும் அதிலேயே வைத்துச் சுற்றி, வழியில் சொட்டாமலிருக்க வழவழப்பான பக்கத்தை வெளியே விட்டு, அப்படியே புதைத்தார்கள்.

"ராஜா வீட்டுப் பிள்ளைக்குக்கூட இப்படித் துணி கிடைச்சிருக்காதுன்னு நானே சொன்னேன் அக்கா," என்றாள் பிரிஸ்கா. "என் வாயாலயே சொன்னேன். இப்ப மரம் சாகுது. உள்ள அவ பிள்ளையப் பாத்துப் பாத்து அழுவுறா. உங்க துணியில என்ன தடவியிருந்தீங்க?"

ஒன்றும் தடவவில்லை என்று சொல்ல வாயெடுத்த நகாயிசா பாதியில் நிறுத்திக்கொண்டாள். படலம் நினைவுக்கு வந்தது. கிழியாது, ஒரு சொட்டு கீழே இறங்காது. இது பெருமழைக் காலம். மார்ச்சிலிருந்து கொட்டிக்கொண்டிருக்கிறது.  சொல்ல வெட்கம், பார்த்தே ஆகவேண்டும் என்று அவளுக்குக் கை பரபரத்தது. தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள்.

பிரிஸ்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "புதைச்ச பிள்ளையத் தோண்டுவாங்களா உங்க ஊர்ல?"

நகாயிசா மரத்தடியில் உட்கார்ந்து, தான் நினைப்பதை ஒளிக்காமல் சொன்னாள். துணியில் விஷம் இல்லை, அடியில் ஒட்டிய படலம்தான் மண்ணுக்குள் கிண்ணம்போல நின்று மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்திருக்கும், வேர் அதில் அழுகியிருக்கும். அப்படியானால் எடுத்துவிட்டால் மரம் பிழைக்கலாம். அப்படி இல்லையென்றால் என்னை என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள். பிரிஸ்கா மஞ்சளித்த இலை ஒன்றைக் கையில் பிடித்துப் பார்த்தாள். பிள்ளைக்கு அத்தை என்ற முறையில் அந்த மரத்தைத் தொட உரிமை உள்ளவள் அவள் ஒருத்திதான். தப்பாகப் போனால் காலம் முழுக்கப் பழி சுமக்க வேண்டியவளும் அவள்தான். கடைசியில் எழுந்துபோய் மண்வெட்டியைக் கொண்டுவந்தாள். இரட்டைமேல் வெயில் படாமலிருக்க நகாயிசாவை இடுப்புத்துணி ஒன்றைப் பிடித்துக்கொண்டு நிற்கச் சொன்னாள்.

முழங்கை ஆழத்தில் சளக்கென்று சத்தம் கேட்டது. மூட்டை அப்படியே இருந்தது, நேற்று வைத்ததுபோல. அதன் மடிப்பிலும் மேலும் ஒரு குடம் தண்ணீர் தேங்கி நாறியது. வேர்கள் கறுத்துக் குழைந்திருந்தன. பிரிஸ்கா முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் மூட்டையைப் பிரித்து, உள்ளே இருந்ததைப் புது வாழையிலையில் வாங்கிச் சுற்றி, தண்ணீரை வடியவிட்டு, மறுபடி மண்ணில் வைத்து மூடினாள். அந்த நேரம் முழுக்க உதடு எதையோ சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு படலத்தை நகாயிசாவின் காலடியில் போட்டாள்.

"இது உங்களோடது. எடுத்துட்டுப் போங்க." கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள், "மத்த வீட்டுலயெல்லாம் யாரு தோண்டுறது?"

நகாயிசா அதுவரை மற்ற வீடுகளை நினைக்கவே இல்லை. துப்புக் கிடைத்த சந்தோஷத்தில், வெட்கமில்லாமல், தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டிருந்தாள். இன்னும் இருபத்தெட்டு மரங்கள் என்ற எண்ணம் அப்போதுதான் தலையில் விழுந்தது.

வார்டுக்குத் திரும்பி அமோங்கினிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அமோங்கின் கிழக்குச் சீமைக்காரி, இருபது வருஷமாக இந்த வார்டில் கிடப்பவள். கையில் ஏந்திய பிள்ளைகளைவிடக் கையைவிட்டுப் போன தாய்மாரை அதிகம் ஞாபகம் வைத்திருப்பவள். அவள் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"நான் சொல்றதக் கேளு," என்றாள். "நாப்பதும் எரிஞ்சுதுன்னு நான் எழுதித் தரேன். உலைக்காரரும் கையெழுத்துப் போடுவார். அடுத்த விரிப்புல அந்தப் படலத்தை எடுத்துடு. இத நீ வெளிய சொன்னா என்ன ஆகும் தெரியுமா? ஆஸ்பத்திரித் துணி பிள்ளையோட மரத்தக் கொல்லுதுன்னு ஊரே பேசும். எவளும் இங்க வரமாட்டா. வீட்டுலயே பெத்து வீட்டுலயே சாவாங்க. அத நான் பாத்திருக்கேன், நீ பாத்ததில்ல."

அவள் பயம் பொய்யும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. நகாயிசா ஒரு முழு நாள் அதை மனசுக்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் பிரிஸ்கா வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதவளைப்போல இன்னும் எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வி அவளை விடவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிடலாம். செத்துக்கொண்டிருக்கும் மரத்தை எதில் மறைப்பது? வியாழக்கிழமை காலையில் பதிவேட்டிலிருந்து இருபத்தெட்டுப் பெயரையும் எழுதிக்கொண்டு, கிட்டத்தில் இருந்ததிலிருந்து தூரத்தில் இருந்ததுவரை வரிசைப்படுத்தி, ஒரு மண்வெட்டி வாங்கிக்கொண்டு கிளம்பினாள்.

அந்த எட்டு நாளில் அவள் வாங்கிக்கட்டிக்கொண்டதை எழுதினால் பக்கம் போதாது. ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீட்டில் மாமியார், நீ பிள்ளை பெற்றவளா மலடியா என்று கேட்டுத்தான் வாசலில் ஏற்றினாள். சில மரங்கள் படலத்தைக் கிழித்துக்கொண்டு தம்பாட்டில் செழித்திருந்தன. பல மரங்கள் மஞ்சளித்திருந்தன. ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளையின் அத்தையை வரவழைத்து, ஒவ்வொரு தடவையும் குற்றம் என்னுடையது என்று முதலில் சொல்லிவிட்டுத்தான் மண்வெட்டியைக் கொடுத்தாள். மூன்றாம் நாளிலிருந்து பிரிஸ்காவும் தக்காளியைப் பக்கத்துக் கடையில் ஒப்படைத்துவிட்டுக் கூட வந்தாள். தனியாகப் போனால் உங்களை அடித்தே கொன்றுவிடுவார்கள், பார்க்க எனக்கும் ஆசைதான் என்றாள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் நகாயிசா ஒரு சாக்கை மேஜைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதில் கழுவிக் காயவைத்த இருபத்தெட்டுப் படலங்கள் இருந்தன. ஒன்றையும் மறைக்காமல் சொல்லி முடித்தாள். அமோங்கின் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். டாக்டர் முவங்காவும் இந்த மண்ணில் பிறந்தவர்தான். படலம் ஒன்றை விரலில் தடவிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். காய்ச்சல் குறைந்ததை ஒப்புக்கொண்டார். நீங்கள் செய்தது நேர்மை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு, விரிப்பு இன்றோடு நின்றது என்றார். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, பெண்கள் இந்த வாசலுக்கு வராமல் போனால் எந்த விரிப்பை யாருக்குப் போடுவது என்று கேட்டார். படலம் இல்லாமல் செய்துகாட்டட்டும், பிறகு யோசிக்கலாம் என்றார். யோசிக்கலாம் என்று அதிகாரிகள் சொன்னால் என்ன அர்த்தம் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

எழுந்திருக்கும்போது அவர் கேட்டார், "இருபத்தெட்டுதான இருக்கு. அந்த இன்னொண்ணு?"

ஏரிக்கரை மீன்துறையில் தியோபிஸ்டா என்று ஒருத்தி, ரொம்பத் தூரம், இன்னும் போகவில்லை என்றாள் நகாயிசா. அந்தப் பிள்ளைக்கு இரண்டு தடவை தடுப்பூசி தப்பிவிட்டது, அவள் வரவே இல்லை என்று அமோங்கின் தாழ்ந்த குரலில் சேர்த்துக்கொண்டாள்.

இனி போவதால் விரிப்புக்கு ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் சனிக்கிழமை விடிந்ததும் நகாயிசா கிளம்பினாள், தனியாக. சந்தை நாள் என்பதால் பிரிஸ்கா வரவில்லை. சேற்றுப் பாதையில் மோட்டார் சைக்கிள் இரண்டு தடவை சாய்ந்தது. துறையில் சின்ன வெள்ளி மீன்களை வலைமேல் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். கடைசி வீடு தியோபிஸ்டாவுடையது. வீட்டுக்குப் பின்னால் நாலைந்து வாழைகள்தான் இருந்தன. அதில் ஒன்று செத்துப்போய் வெகுநாளாகியிருந்தது. தண்டு உளுத்து, இலையெல்லாம் சருகாகி இருந்தது. அது விழாமல் இருக்க இரண்டு கவைக்கம்புகளை முட்டுக்கொடுத்து, நாலு பக்கமும் மீன்வலைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள்.

தியோபிஸ்டா பிள்ளையை மார்போடு சேர்த்துக் கட்டியிருந்தாள். எல்லோரும் முதுகில்தான் கட்டுவார்கள். முதுகில் கட்டினால் மூச்சு வருகிறதா என்று பார்க்க முடியாது என்றாள், கேட்காமலே. இருபத்துமூன்று வயதிருக்கும், கண் குழி விழுந்திருந்தது. மரம் சாய ஆரம்பித்த நாளிலிருந்து அவள் பிள்ளையைத் தரையில் விடவில்லை. வெளியே கொண்டுபோகவில்லை. வீட்டுக்காரன் ஏரிக்குப் போவதையும் நிறுத்தச் சொல்லிச் சண்டை போட்டதில், அவன் கோபித்துக்கொண்டு அக்கரைத் தீவுக்குப் போய்விட்டான்.

நகாயிசா சொல்லவேண்டியதைச் சொன்னாள். இருபத்தெட்டு வீட்டில் சொல்லிப் பழகியிருந்தும் வார்த்தை முன்னுக்குப்பின் வந்தது. தியோபிஸ்டா கேட்டுவிட்டு, மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி சொன்னாள். இன்னொரு தடவை என்றாள்.

"மரம் செத்தது பிள்ளையால இல்ல. பிள்ளைக்கு ஒரு குறையும் இல்ல. நான் ஒட்டின படலத்தால வேர் அழுகிச் செத்தது. தப்பு என்னோடது."

"மரம் மட்டுந்தானா?"

"மரம் மட்டுந்தான்."

தியோபிஸ்டா முடிச்சை அவிழ்த்தாள். பிள்ளையைப் பாயில் படுக்கவைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றாள். அவன் காலை உதைத்துக்கொண்டு வலையில் காய்கிற மீனைப் பார்த்தான். அவள் இன்னும் இரண்டடி தள்ளிப்போய் நின்று பார்த்தாள். பிறகு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், நன்றாகச் சத்தம்போட்டு. நகாயிசாவும் அழுதாள். அழ எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேதான் அழுதாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்றாள் தியோபிஸ்டா, மூக்கைத் துடைத்துக்கொண்டு.

"போன வாரம் செவ்வாய்க்கிழமை... பதினோரு நாளாச்சு."

"பதினோரு நாளு. என் வீடு தூரம்னு கடைசியா வச்சீங்க."

 தியோபிஸ்டா போய், மரத்தின் கயிறுகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். முட்டுக்கம்பைக் காலால் தட்டிவிட்டாள். மரம் சத்தமில்லாமல் சரிந்தது. திரும்பி வந்து மண்வெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, தன் பங்குக்கு ஒரு விஷயம் கேட்டாள்.

"என் தங்கச்சிக்கு ஆகஸ்டுல பிரசவம். அவளுக்கு அந்த விரிப்பு கெடைக்குமா?"

தன் காதில் விழுந்தது சரிதானா என்று நகாயிசா அவளைப் பார்த்தாள். நிறுத்திவிட்டார்கள் என்றாள்.

"எதுக்கு நிறுத்தணும்? மூத்தது பொறந்தப்ப அந்தக் கட்டில்ல பதினாலு நாளு காய்ச்சல்ல கெடந்தேன். பால் வத்திப்போச்சு. பிள்ளை தங்கல. இவன் பொறந்து மூணாம் நாளே எழுந்து நடந்து வந்துட்டேன். விரிப்பு நல்ல விரிப்புதான். அடியில ஒட்டினதுதான் சனியன். அத எடுத்துட்டுக் குடுக்க வேண்டியதுதான?"

"மரத்தக் கொல்ற துணின்னு ஊர்ல பேசிக்குவாங்க, யாரும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டாங்கன்னு டாக்டர் பயப்படறாரு."

"செத்தது எம் மரம். பேசினா நான்தான பேசணும்?"

அவள் குழியின் முதல் மண்ணை வெட்டி எடுத்தாள். இவன் அத்தை தீவில் இருக்கிறாள், வர நாலு நாள் ஆகும், அதுவரை காத்திருக்க முடியாது, இவனுக்கு இதைவிட நெருங்கினவள் யார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பாயில் கிடந்தவன் சிணுங்கியபோதும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை, நகாயிசாதான் போய்த் தூக்கினாள்.

"திங்கக்கிழமை இவனுக்கு ஊசி போட வரேன்," என்றாள் தியோபிஸ்டா, குனிந்தபடியே. "அந்த டாக்டர் பேரு என்ன, எந்த ரூம்ல உக்காந்திருப்பாரு?"